‘எட்டு’ ரெண்டா தெரியுதா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி லென்ஸை எடுங்க!

ராத்திரி பதினொன்றரை மணி. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. உள்ளங்கையில் ஒரு செப்புக்காசு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“அக்கா, தூங்கிட்டீங்களா? இது 1938 காலணா. அந்த 8-ஐப் பாருங்க, ரெண்டு தடவ அடிச்சிருக்கு. ரெண்டரை லட்சம் போவுமாம். ஆனா முன்னாடியே பதிவுக் கட்டணம் 1,850 ரூபா கட்டணுமாம். ஜிபே பண்ணிடட்டா?”

அனுப்பியது கல்லூரித் தோழியின் தம்பி. ஊர் கோட்டக்குப்பம். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஆயாவின் தகர டப்பாவில் இருந்த பழைய காசுகளை வீடியோ எடுத்து ஏதோ ஒரு குரூப்பில் போட்டிருக்கிறான். பத்து நிமிஷத்தில் ‘வாங்குபவர்’ கூப்பிட்டுவிட்டார். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு சான்றிதழும் வந்துவிட்டது.

“எதையும் கட்டாதே. காசைத் தேய்க்காதே. சனிக்கிழமை வர்றேன்” என்று பதில் போட்டேன்.

முதல் வேண்டுகோளைக் கேட்டான். இரண்டாவதுக்கு நான் லேட். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஆயாவின் தகர டப்பா, இவற்றோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பழைய காசில் எண் இரண்டாகத் தெரிந்தால் என்ன அர்த்தம், எது நிஜம், எது வெறும் நிழல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், வாங்க, சேர்ந்து பார்ப்போம்.

முறுக்கு அச்சில் ஒரு பல் உடைந்தால்...

நாணயம் எப்படி உருவாகிறது? மேலே ஒரு டை, கீழே ஒரு டை. டை என்றால் எஃகில் செய்த அச்சு. நடுவில் ஒரு உலோக வில்லை. ஓங்கி ஒரு அழுத்து. தலைப்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். ஒரு டையில் ஆயிரக்கணக்கில் காசு அடிப்பார்கள். தேய்ந்தால் அடுத்த டை.

இதில்தான் ரகசியமே இருக்கிறது. தம்பிக்கு நான் சொன்ன உதாரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டில் முறுக்கு பிழிகிற உழக்கு இருக்கிறதல்லவா? அதன் வில்லையில் ஒரு பல் உடைந்துவிட்டது என்று வையுங்கள். அன்றைக்குப் பிழிகிற எல்லா முறுக்கிலும் அதே இடத்தில் ஒரு கோடு குறையும். இது டை வெரைட்டி. குறை அச்சில் இருக்கிறது. அதனால் அந்த அச்சில் வந்த எல்லாக் காசிலும் அது அப்படியே இருக்கும்.

பிழியும்போது கை நகர்ந்து ஒரே ஒரு முறுக்கு கோணலாகிவிட்டது என்றால்? இது அடிப்புப் பிழை. அந்தக் காசுக்கு மட்டும் நடந்தது.

டப்பாவில் போட்ட முறுக்கை எலி கடித்துவிட்டால்? இது சேதம். நாணயச்சாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இணையத்தில் ‘அரிய காசு’ என்று சுற்றும் வீடியோக்களில் பெரும்பாலும் எலி கடித்த முறுக்கைத்தான் முதல் வகை என்று விற்கிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதுபோல

எண் எப்படி இரண்டாகப் பதிகிறது? உண்மையான காரணங்கள் இரண்டு.

முதலாவது, *மறுபடி குத்துவது*. பழைய காலத்தில் பல நாடுகளின் நாணயச்சாலைகளில் டையின் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு, வருஷத்தைத் தனித்தனி எண் உளிகளால் கையாலேயே குத்துவார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். உளி கொஞ்சம் வழுக்கினால் பாத்திரத்தையா தூக்கிப் போடுவார்? அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி வெட்டுவார். உற்றுப் பார்த்தால் அடியில் பழைய கோடு தெரியும். டையிலும் அதே கதைதான். அமெரிக்காவின் 1894 ஒரு சென்ட் காசு சிலவற்றில் வருஷம் இரண்டு முறை பதிந்திருப்பது இப்படித்தான்.

சிக்கனம் பார்த்தும் குத்துவார்கள். டை செய்வது செலவுபிடித்த வேலை. போன வருஷத்து டை நன்றாக இருந்தால், கடைசி எண்ணின் மேல் புது எண்ணைக் குத்தி ஓட்டிவிடுவார்கள். இடத்தின் அடையாளத்தையும் மாற்றியதுண்டு. அமெரிக்காவில் கார்சன் சிட்டி நாணயச்சாலை காசு அடிப்பதை நிறுத்தியதும், அங்கே மிஞ்சிய டைகள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போயின. ‘சிசி’ என்ற எழுத்தின் மேலேயே ‘ஓ’ குத்தி 1900-ஆம் ஆண்டு டாலரை அடித்தார்கள். ‘ஓ’வுக்குப் பின்னால் இரண்டு ‘சி’களும் எட்டிப் பார்க்கும்!

இரண்டாவது காரணம், *டையே இரட்டையாக உருவாவது*. டைக்கும் ஒரு தாய் அச்சு உண்டு. அதை மெதுவான எஃகில் அழுத்தித்தான் டை எடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் படம் முழுசாக இறங்காது. எஃகைச் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்த வேண்டும. இரண்டாவது முறை வைக்கும்போது மயிரிழை திரும்பினாலும் எழுத்து, எண் எல்லாம் இரட்டையாகிவிடும். உலகப் புகழ் பெற்ற உதாரணம், அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட். வருஷமும் எழுத்துகளும் இரட்டையாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தக் காசுகள் இருபதாயிரத்துக்கும் மேல் மற்ற காசுகளோடு கலந்து வெளியே போய்விட்டன. அதே நாட்டின் 1942 பத்து சென்ட் காசு சிலவற்றில் 2-க்கு அடியில் 1 தெரியும். 1941-க்கான தாய் அச்சையும் 1942-க்கான தாய் அச்சையும் ஒரே டையில் மாற்றி அழுத்திவிட்ட கோளாறு அது.

“அப்போ என் 8?” என்று தம்பி குறுக்கே வந்தான். இரு, வர்றேன்.

நிஜமா, நிழலா? நாலு டெஸ்ட்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அதேதான். போனில் மேக்ரோ கேமரா இருந்தால் அதுவும் ஓகே.

1. பக்கவாட்டில் வெளிச்சம் கொடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். காசைக் கறுப்புத் துணிமேல் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பிடியுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற ‘இரட்டை எண்’ பெரும்பாலும் நிழல்தான்.

2. எண்ணின் முனையைப் பாருங்கள். மறுபடி குத்தியதிலும் இரட்டை டையிலும் இரண்டு உருவமும் மேடாக, உருண்டையாக இருக்கும். எண்ணின் முனைகள் பாம்பு நாக்கு மாதிரி பிளந்திருக்கும். எண் வழக்கத்தைவிடத் தடிமனாகத் தெரியும்.

3. படிக்கட்டு இருக்கிறதா? அடிக்கும் நேரத்தில் டை லேசாக ஆடினால், புதிதாகப் பதிந்த எண்ணின் ஓரத்தையே அது நசுக்கிவிடும். எண்ணின் பக்கத்தில் தட்டையான, பளபளப்பான ஒரு படி உருவாகும். எண் தடிப்பதற்குப் பதில் மெலிந்துபோகும். இது மிகச் சாதாரணம். சேகரிப்பவர்கள் இதற்குக் கூடுதல் விலை தருவதில்லை. டை தேய்ந்துபோனாலும் எழுத்தெல்லாம் விளிம்பை நோக்கி இழுபட்ட மாதிரி மங்கலாகத் தெரியும். அதுவும் வெரைட்டி கிடையாது.

4. ஜோடி தேடுங்கள். இதுதான் கடைசித் தீர்ப்பு. டையில் இருந்த குறை என்றால், அதே வருஷத்து வேறு காசுகளிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தே தீர வேண்டும். டையில் விழுந்த மெல்லிய விரிசல்கூட காசில் மேடான கோடாக வரும். இரண்டு காசிலும் அதே கோடு இருந்தால் இரண்டும் ஒரே டையின் பிள்ளைகள். ஆராய்ச்சியாளர்கள் ஏலப் பட்டியல்களையும் அருங்காட்சியகப் படங்களையும் வைத்துச் செய்வது இதைத்தான்.

தம்பியிடம் லென்ஸைக் கொடுத்தேன். 8-ஐப் பார்த்தான். டார்ச்சைத் திருப்பினான். மறுபடி பார்த்தான்.

“படிக்கட்டுதான்கா இருக்கு. மேடா இல்ல. தட்டையா பளபளன்னு இருக்கு.”

ரெண்டரை லட்சம் அந்த இடத்தில் முடிந்துபோனது. முகம் கொஞ்சம் வாடியது உண்மை. ஆனால், அவனே கண்டுபிடித்துவிட்டதால் சீக்கிரம் தேறிவிட்டான். “சரி, மிச்சத்தப் பாக்கலாம்” என்று டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

காசில் போட்ட வருஷம் பொய் சொல்லுமா?

டப்பாவில் அடுத்து வந்தது ஒரு வெள்ளி ரூபாய். விக்டோரியா மகாராணி. பின்னால் 1862.

“இது 1862-ல அடிச்சதா?” என்றான். அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்திய நாணயங்களில் டை பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 1862 என்ற எண்ணை மாற்றாமலேயே அடுத்த பதினோரு வருஷமும் அடித்துத் தள்ளினார்கள். 1874-ல்தான் வருஷத்தை மாற்றத் தொடங்கினார்கள்.

அதற்கு முந்தைய 1840 ரூபாயும் அப்படித்தான். ராணியின் பெயர் தலையைச் சுற்றி ஒரே தொடராக ஓடினால் அது முதல் வகை. தலைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நின்றால் பிந்தைய வகை. ஆனால் இரண்டிலும் வருஷம் என்னவோ 1840தான்!

அப்படியானால் உண்மையான வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? டையில் இருக்கும் குட்டிக் குட்டி வித்தியாசங்களை வைத்துத்தான். 1862 ரூபாயில் ராணியின் சட்டையில் இருக்கும் பூவேலை டைக்கு டை மாறும். பின்பக்கத்தில் உச்சியில் இருக்கும் பூவின் இதழ்கள் ஒரு வகையில் நீளம், இன்னொன்றில் குட்டை. எல்லாவற்றையும்விட முக்கியம், புள்ளிகள். சில ரூபாய்களில் வருஷத்தின் அருகே ஊசிமுனை அளவில் புள்ளிகள் இருக்கும். எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கான ரகசியக் குறி அது என்று சேகரிப்பவர்கள் புள்ளிகளை எண்ணி வகை பிரிக்கிறார்கள். 1840 ரூபாயிலும் இதே கூத்துதான். பின்னால் உள்ள இலை மாலையில் எத்தனை காய்கள் என்று உட்கார்ந்து எண்ணுவார்கள். 28 காயா, 35 காயா என்பதை வைத்து வகை மாறும்.

பிரிட்மோர் என்ற ஆய்வாளர் இந்த வித்தியாசங்களை வரிசைப்படுத்தி எழுதிய தொகுதிகளைத்தான் இன்றும் ஏலக்காரர்கள் எண் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்.

இதில் நமக்கான செய்தி: புள்ளி என்பது தூசியாகவும் இருக்கலாம், பதினோரு வருஷத்தைப் பிரித்துக் காட்டும் குறியாகவும் இருக்கலாம். அதனால்தான் காசைத் தேய்க்கவே கூடாது.

பிறை யாருடையது, தாமரை யாருடையது?

கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்குள் நுழையச் சில நிமிஷம் போதும். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. ஆனால் இரண்டு பேரும் அடித்த வெள்ளி ரூபாய் ஒரே மாதிரி இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆற்காட்டு ரூபாய் என்று அதற்குப் பெயர். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து 1736-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதை அடிக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆங்கிலேயரும் சென்னையில் அடித்தார்கள். இரண்டிலும் பாரசீக எழுத்து, முகலாயப் பேரரசரின் பெயர். எப்படிப் பிரிப்பது? ஒரு சின்னக் குறிதான். பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை.

வருஷ விளையாட்டு இங்கேயும் உண்டு. சென்னையில் 19-ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்த ரூபாயில்கூட ஹிஜ்ரி 1172, ஆறாவது ஆட்சியாண்டு என்றே போட்டார்கள். கணக்குப்படி அது 1758–59. மக்கள் பழகிய காசு, மாற்றினால் வாங்க மாட்டார்கள் என்ற பயம்.

புதுச்சேரியின் செப்புக்காசு இன்னும் அழகு. துட்டு என்று நாம் சொல்வதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘டூடூ’ என்று எழுதினார்கள். ஒரு பக்கம் பிரான்ஸின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. அந்த டைகளைக் கையால் வெட்டினார்கள். அதனால் ஒரு காசில் ‘பு’ அகலமாக, இன்னொன்றில் ஒடுங்கி, இன்னொன்றில் சரிந்து கிடக்கும். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசுகளும் அப்படித்தான். நிற்கிற மனித உருவம் டைக்கு டை வேறு ஆளாகத் தெரியும். கையால் வெட்டிய காலத்தில் ஒவ்வொரு டையுமே ஒரு வெரைட்டிதான். ஆகவே ‘எழுத்து கோணல், அரிய பிழை’ என்று யாராவது இந்தக் காசுகளை விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

டப்பாவில் இருந்த நிஜ வெரைட்டிகள்

லட்சம் இல்லை என்றதும் டப்பா காலி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அங்கே கிடைத்தவை இவை.

1911 காலணா: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சங்கிலி, அதில் குட்டி யானை. தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. மக்களிடம் எதிர்ப்பு கிளம்பியதால் அந்த வருஷத்து ரூபாய்களைத் திரும்பப் பெற்றார்கள். 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி புது டை. ‘பன்றி ரூபாய்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆயாவிடம் இருந்தது ரூபாய் இல்லை, காலணாதான். ஆனாலும் அதே உருவம். லென்ஸில் பார்த்துவிட்டு ஆயா, “ஆமாடா, பன்னிதான்!” என்று சிரித்தார்.

1945 ரூபாய் இரண்டு: பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தம்பியே கத்திவிட்டான். “அக்கா, இதுல 5 பெருசு, இதுல சிறுசு!” சரிதான். பம்பாயில் அடித்த 1945 ரூபாயில் பெரிய 5, சிறிய 5 என இரண்டு வகை உண்டு. பட்டியல்களில் தனித்தனியாகவே போடுகிறார்கள். அதே காலத்தில் லாகூரில் அடித்த காசுகளில் ‘எல்’ எழுத்து இருக்கும். இவற்றுக்கு லட்சமெல்லாம் கிடையாது. ஆனால் இது டையில் இருந்த நிஜ வித்தியாசம். அதை எந்த வீடியோவும் பார்க்காமல் ஒரு பையன் தன் கண்ணால் கண்டுபிடித்தான்.

1947 ரூபாய்: ஃபிரிட்ஜ் கதவு காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. “அய்யோ, போலியா?” என்றான். இல்லை. 1947-ல் ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். பின்னால் புலி இருக்கும். இதற்கு நேர்மாறாக, 1862 ரூபாய் ஒட்டினால்தான் பயப்பட வேண்டும்.

எடையும் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், ஒரு தோலா. முதலில் வெள்ளி 91.7 சதவீதம். 1940-ல் தொடங்கி 50 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆக, 1862 ரூபாயில் சுமார் 10.7 கிராம் வெள்ளி, 1945 ரூபாயில் சுமார் 5.8 கிராம். விற்கப் போகும்போது யாரும் இதற்குக் கீழே அடித்துக் கேட்காமல் இருக்க இந்தக் கணக்கு தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று: 1939 வெள்ளி ரூபாய் அரிதானது. 1938 பரவலாகக் கிடைக்கும். 8-ஐச் சுரண்டி 9 ஆக்கினால் என்ன ஆகும் என்று ஏமாற்றுக்காரர்களுக்கும் தெரியும். யாராவது 1939 காட்டினால் 9-ஐச் சுற்றிச் சுரண்டல் கோடுகள் இருக்கிறதா, மற்ற எண்களின் உயரத்துக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்க பர்ஸ்லயே பிராக்டிஸ் பண்ணுங்க

தகர டப்பா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இப்போது கையில் இருக்கும் சில்லறையை எடுங்கள். வருஷத்துக்குக் கீழே பாருங்கள்.

- வைர வடிவம் இருந்தால் மும்பை
- ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்
- உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா
- ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா

சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டிலும் அடித்து வாங்கியிருக்கிறோம். 1985 ஒரு ரூபாயில் வருஷத்துக்குக் கீழே ‘ஹெச்’ எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் ஹீட்டன் நாணயச்சாலையில் பிறந்தது. இந்தக் குறிகள் பிழை அல்ல, பிறந்த ஊர் அடையாளம். ஆனால் அரை மில்லிமீட்டர் குறியைத் தேடப் பழகிய கண்தான் நாளைக்கு மறுபடி குத்திய எண்ணையும் கண்டுபிடிக்கும்.

பணம் கேட்டாலே அது பொய்

இனி, அந்த 1,850 ரூபாய் விஷயம்.

2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தங்கள் பெயரையும் முத்திரையையும் தவறாகப் பயன்படுத்தி, பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க என்று சொல்லி, கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் மக்களிடம் பணம் கேட்கிறார்கள் என்று எச்சரித்தது. தங்களுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, தங்கள் சார்பாக வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னது.

ரூல் சிம்பிள். காசை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால் அவர் வாங்க வரவில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளுங்கள். மண்ணைத் தோண்டும்போது காசுக் குவியல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டார் என்று பார்சல் அனுப்பிவிடாதீர்கள்.

புளி போட்டுத் தேய்ச்ச ரூபாய்

கடைசியாக, நான் லேட்டான கதை.

அந்த 1862 ரூபாயை மறுபடி கையில் எடுத்தேன். லென்ஸை வைத்ததும் மனசு கனத்தது. முகம் முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்ததா, இல்லையா? சொல்ல முடியவில்லை.

“வீடியோல பளிச்சுனு தெரியணும்னு புளி போட்டு, அப்புறம் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்ச்சேன்கா” என்றான், மெதுவாக.

நூறு வருஷத்துக்கும் மேல் அந்த வெள்ளியின் மேல் படிந்திருந்த கருமைதான் அந்தக் காசின் தோல். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். தேய்த்த காசு எவ்வளவு பளபளத்தாலும் பாதி மதிப்பை இழந்துவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், எந்த ஆண்டில் எந்த டையில் பிறந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஊசிமுனைப் புள்ளிதான். அது இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

அதனால் தயவுசெய்து: தேய்க்காதீர்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள், நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். நாணயத்துக்கென்றே விற்கும் அட்டை ஃபிரேமில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆயாதான் அந்த ரூபாயை வாங்கி முந்தானையில் துடைக்கப் போனார். நான் பதறிக் கையை நீட்ட, அவரே நிறுத்திக்கொண்டார்.

“துடைக்கக் கூடாது இல்ல?” என்று சிரித்துவிட்டு, “எங்கம்மா இத எனக்குக் குடுக்கும்போதே கறுப்பாத்தான் இருந்துச்சு. நான் அப்படியேதான் வச்சிருந்தேன். இவன்தான் வெளுக்கணும்னு நெனச்சான்” என்றார்.

கிளம்பும்போது தம்பி பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தான். “அந்த லென்ஸ் என்ன விலைக்கா?” என்று கேட்டான். என்னுடையதையே கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஓட்டைக் காலணா, 1943. கறுப்புத் துணிமேல், பக்கவாட்டு வெளிச்சத்தில், தேய்க்காமல். கீழே ஒரு வரி: “இதுல ஒண்ணும் இல்லக்கா. சும்மா பாத்தேன்.”